பூட்டைத் திறந்தவர் யார்? ஒரு சப்கிளாஸின் முன்கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு விளையாட்டை நானே கெடுத்தேன். கெடுத்தது நான் ராத்திரி உட்கார்ந்து எழுதிய ஒன்றரைப் பக்கம். எங்கே தப்பு என்று தேடிக்கொண்டு போனதில், 1974-ஆம் வருடத்துக்குப் போய்விட்டேன். இதே தப்பை, இதே மாதிரி நல்ல எண்ணத்தோடு, எனக்கு முன்னால் பெரிய ஆட்களே செய்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இந்தக் குறிப்பில் எழுதி வைக்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வரி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் விளையாட்டு. ஒருவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அவர் உலகத்தை வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 முகப் பகடையை உருட்டுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு: போராளி, மந்திரவாதி, திருடன் என்று. கிளாஸுக்குள்ளே இன்னும் நுணுக்கமான பிரிவு சப்கிளாஸ். புத்தகத்தில் இருப்பது பிடிக்கவில்லை என்றால் வீட்டிலேயே ஒன்று தயாரிக்கலாம். அதற்கு ஹோம்ப்ரூ என்று பெயர், வீட்டுச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசையில் நான்கு பேர் ஆடுகிறார்கள். என் மகள், அவள் வகுப்புத் தோழர்கள் மூன்று பேர். எல்லாரும் ஒன்பதாம் வகுப்பு. நான் டிஎம். நாங்கள் ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. மகளுடைய பாத்திரம் ரோக், அதாவது திருடன் வகை. "அப்பா, எனக்குத் திருட வேண்டாம். தடம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கணும். மந்திரம் எதுவும் இல்லாம" என்றாள். 2017-இல் வந்த ஒரு துணைப் புத்தகத்தில் இன்க்விசிட்டிவ் என்று துப்பறியும் ரோக் ஒன்று இருக்கிறது. காட்டினேன். "இது பொய் சொல்றவங்களைக் கண்டுபிடிக்கிறது. எனக்கு காலடி, சேறு, உடைஞ்ச கிளை, அது வேணும்" என்றாள். சரி, நாமே எழுதுவோம் என்று ஆரம்பித்தேன்.

மூன்றே மூன்று கிளாஸ்

எழுதுவதற்கு முன்னால் பழைய புத்தகங்களைப் புரட்டுவது என் வழக்கம். ஆபீஸில் பழைய கோடைத் தொடுவதற்கு முன்னால் யார் எப்போது எதற்காக அந்த வரியைச் சேர்த்தார்கள் என்று பார்ப்போம் இல்லையா, அது மாதிரி.

1974 ஜனவரியில் இந்த விளையாட்டு வெளிவந்தபோது அது ஒரு சின்னப் பெட்டி, உள்ளே மூன்று குட்டிப் புத்தகங்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1000 பிரதிகள். எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். வெளியிட்டது விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், அதற்கு முந்தைய வருடம்தான் தொடங்கிய டிஎஸ்ஆர் என்ற குட்டி கம்பெனி. அதில் இருந்தது மூன்றே கிளாஸ்: போராளி, மந்திரவாதி, கிளெரிக் எனப்படும் பூசாரி வீரன்.

அந்த மூன்றில் ஒன்றே ஹோம்ப்ரூ என்பதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். பெட்டி வருவதற்கு முன்பே ஆர்னசன் மின்னசோட்டாவில் தன் நண்பர்களோடு பிளாக்மூர் என்ற ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஒருவருடைய பாத்திரம் இரத்தக் காட்டேரியாக மாறிவிட்டது. பெயர் சர் ஃபேங். அவரை யாராலும் சமாளிக்க முடியவில்லை. ஆட்டமே ஒருபக்கம் சாய்ந்துபோனது. அப்போது மைக் கார் என்ற நண்பருக்காக ஒரு பூசாரிப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். டிராகுலா படங்களில் சிலுவையைக் காட்டிக் காட்டேரியை விரட்டும் வான் ஹெல்சிங்கின் சாயல் அதில் உண்டு. இன்றைக்கும் உலகம் முழுக்க கிளெரிக் பாத்திரம் செத்த பிசாசுகளை விரட்டுகிறது என்றால், காரணம் அந்த ஒரு மேசையில் ஒரு ஆள் ரொம்பப் பலசாலி ஆகிவிட்டதுதான். நம்ம பாஷையில் சொன்னால், அவசரத்துக்குப் போட்ட ஒரு பேட்ச். அது 50 வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெட்டியிலேயே இன்னொரு அனுமதியும் இருந்தது. விருப்பப்பட்டால் ஆட்டக்காரர் கிட்டத்தட்ட எந்த உருவத்தையும் எடுத்து ஆடலாம், டிராகனாகக்கூட ஆடலாம், ஒரே நிபந்தனை, பலவீனமாகத் தொடங்கி மேலே வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் புத்தகத்தின் முடிவில், மிச்சக் கற்பனையை நீங்களே செய்துகொள்ளலாமே என்ற தொனியில் வாசகரை அனுப்பி வைக்கிறார்கள். ஆக, வீட்டில் தயாரிப்பது விதிமீறல் கிடையாது. அதுதான் விதி.

சான்டா மோனிகாவிலிருந்து ஒரு போன்

பெட்டி வெளிவந்த சில மாதங்களிலேயே, கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா நகரில் ஏரோ ஹாபீஸ் என்ற கடையைச் சேர்ந்த கேரி ஸ்விட்சர், லேக் ஜெனீவாவில் இருந்த கைகாக்ஸுக்கு போன் செய்தார். தங்கள் கும்பல் ஒரு புது கிளாஸை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறது, அது திருடன் என்று சொன்னார். பூட்டைத் திறப்பது, பொறியை அகற்றுவது, நிழலில் ஒளிவது அவன் வேலை. யோசனை கைகாக்ஸுக்குப் பிடித்துப்போனது. அதே 1974-இல் ஒரு சின்ன ரசிகர் பத்திரிகையில் திருடனுக்கான வரைவு விதிகளை எழுதினார். யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் அதில் சொன்னார்.

1975-இல் கிரேஹாக் என்ற துணைப் புத்தகம் வந்தது. திருடன் அதிகாரபூர்வ கிளாஸ் ஆனான். அட்டையில் இருந்த பெயர்கள் இரண்டு: கேரி கைகாக்ஸ், ராப் குன்ட்ஸ். ஒரு கடையின் பின்பக்க மேசையில் பிறந்த ஒன்று, அந்த மேசையின் பெயர் இல்லாமல் உலகம் முழுக்கப் போனது.

ஆனால் எல்லாருக்கும் இப்படி நடக்கவில்லை. அடுத்த ஒன்றரை வருடத்தில் டிஎஸ்ஆரின் செய்திமடலான தி ஸ்ட்ரேடஜிக் ரிவ்யூவில் வாசகர்கள் அனுப்பிய கிளாஸ்கள் அவரவர் பெயரிலேயே வந்தன. 1975 கோடை இதழில் ஜோ ஃபிஷர் எழுதிய ரேஞ்சர். அதே வருடக் குளிர்கால இதழில் பீட்டர் ஆரன்சன் எழுதிய மாயாஜாலக்காரன், இல்யூஷனிஸ்ட். 1976 பிப்ரவரியில் டக் ஷ்வெக்மன் எழுதிய பாணன், பார்ட். ஷ்வெக்மன் வடநாட்டு ஸ்கால்ட், கெல்டியப் பாணன், தென் ஐரோப்பிய மின்ஸ்ட்ரல் என்று மூன்றையும் சேர்த்துப் பிசைந்துதான் அதைச் செய்தார். 1976-இல் எல்ட்ரிச் விஸார்ட்ரி என்ற துணைப் புத்தகத்தில் வந்த ட்ரூயிட், டெனிஸ் சஸ்டேரின் கைவண்ணம். இவர்கள் யாரும் கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்த வடிவமைப்பாளர்கள் இல்லை. தங்கள் மேசையில் ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டு, எழுதி, தபாலில் போட்டவர்கள்.

ரேஞ்சரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தைத்த நூலே வெளியே தெரியும். அது டோல்கீன் நாவலில் வரும் அரகார்னுக்குத் தைத்த சட்டை. 1978 புத்தகத்தில் ரேஞ்சர் 10-ஆம் நிலைக்கு வந்ததும், தொலைவில் நடப்பதைக் காட்டும் மந்திரப் பொருள்களைப் பயன்படுத்தலாம் என்று ஒரு விதி. காட்டில் தடம் பார்க்கிறவனுக்கு ஸ்படிகக் கோளம் எதற்கு? நாவலில் அரகார்ன் அப்படி ஒரு கல்லில் பார்க்கிறார், அதனால்தான். 1977-இல் டோல்கீன் தரப்பிலிருந்து சட்டப் பிரச்சினை வந்து, ஹாபிட் என்ற சொல்லையும் பால்ராக், என்ட் எல்லாவற்றையும் விளையாட்டிலிருந்து எடுத்தார்கள். ரேஞ்சர் மட்டும் தப்பித்தது. பெயரைத்தானே பறிக்க முடியும், தடம் பார்க்கிற ஆளை எப்படிப் பறிப்பது?

சப்கிளாஸ் என்ற சொல்

இந்த மொத்தச் சரக்கையும் ஒரே அலமாரியில் அடுக்கியது 1978-இல் வந்த அட்வான்ஸ்ட் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேடு. அதில் ஐந்து தலைமைக் கிளாஸ்கள்: கிளெரிக், போராளி, மந்திரவாதி, திருடன், துறவி. அவற்றின் கீழே சப்கிளாஸ்கள். கிளெரிக்கின் கீழே ட்ரூயிட். போராளியின் கீழே பாலடின், ரேஞ்சர். மந்திரவாதியின் கீழே இல்யூஷனிஸ்ட். திருடனின் கீழே கொலையாளி. பாணனுக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை, பின்னிணைப்புக்குப் போனான். அவனாக வேண்டுமென்றால் முதலில் போராளியாக இருந்து, பிறகு திருடனாக இருந்து, அதற்கப்புறம்தான் பாணனாக முடியும். யாரோ அனுப்பிய கோடை மெயின் பிராஞ்சில் சேர்க்க மனசில்லாமல் ஓரமாகத் தொங்கவிட்டது மாதிரி.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். அன்றைக்கு சப்கிளாஸ் என்பது பெரும்பாலும் பிற்பாடு வந்து சேர்ந்தவர்களின் வரிசை. அவற்றில் பாதிக்கு மேல், கம்பெனிக்கு வெளியே யாரோ ஒருவர் யோசித்தது.

பெயர் விஷயத்தில் ஒரு அழகான சங்கதி. 1978 கையேட்டில் ட்ரூயிட்டின் 7-ஆம் நிலை மந்திரம் ஒன்று, நெருப்புத் தேர் வரவழைப்பது. பெயர் 'சாரியட் ஆஃப் சஸ்டார்'. ட்ரூயிட்டை எழுதிய டெனிஸ் சஸ்டேருக்கு வைத்த நினைவுக்கல் அது. அதே புத்தகத்தின் அட்டையில் ஆசிரியர் என்று ஒரே ஒரு பெயர்தான், கேரி கைகாக்ஸ். பிளாக்மூர் நடத்திய ஆர்னசன் இதே வரிசைப் புத்தகங்களின் ராயல்டிக்காக 1979-இல் டிஎஸ்ஆர் மீது வழக்குப் போட்டார். 1981-இல் சமரசமாக முடிந்தது. அந்தக் கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? அதே மைக் கார். காட்டேரியை விரட்ட வந்த முதல் பூசாரி.

சொதப்பிய ஞாயிற்றுக்கிழமை

இதெல்லாம் படித்துவிட்டு உற்சாகமாக என் சப்கிளாஸை எழுதினேன். பெயர் 'தடம்பார்ப்பவர்'. ஐந்தாம் பதிப்பில் ரோக்குக்கு 3, 9, 13, 17 ஆகிய நிலைகளில்தான் சப்கிளாஸ் சலுகைகள் கிடைக்கும். நான்கே நான்கு இடம். ரோக்கின் பதுங்கித் தாக்கும் சேதம் கிளாஸிலேயே வளர்ந்துகொண்டு போகும் என்பதால் சப்கிளாஸில் சேதத்தைக் கூட்டக் கூடாது. அதுவரைக்கும் சரியாகத்தான் போனேன்.

3-ஆம் நிலைக்கு இப்படி எழுதினேன்: ஓர் இடத்தில் நுழைந்ததும் ஒரு பகடை உருட்டலாம். வெற்றி என்றால், கடந்த 24 மணி நேரத்தில் அங்கே யார் யார் வந்தார்கள், எத்தனை பேர், எந்தப் பக்கம் போனார்கள் என்று டிஎம் சொல்ல வேண்டும். இந்த உருட்டலுக்கு அட்வான்டேஜ் உண்டு, அதாவது இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கும் போட்டேன். 3-ஆம் நிலையில் மகளின் பாத்திரத்துக்குக் கூடுதல் எண் 6. இலக்கு 15 என்றால் பகடையில் 9 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். ஒரு பகடையில் 60 சதவீதம். இரண்டு பகடை என்றால் 84 சதவீதம். 'ஆறில் ஐந்து தடவை ஜெயிப்பாள், சந்தோஷமாக இருப்பாள்' என்று நினைத்துக்கொண்டேன். 11-ஆம் நிலையில் ரோக்குக்கு 10-க்குக் கீழே விழும் பகடையை 10 என்றே எடுத்துக்கொள்ளும் சலுகை வரும். அப்போது அவளுடைய கூடுதல் எண்ணும் 10 ஆகியிருக்கும். இலக்கு 20 ஆக இருந்தாலும் தோற்கவே மாட்டாள். அந்த வரியைக் கணக்குப் போட்டபோதே மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

எங்கள் மேசையில் போராளியாக ஆடும் பையன் ஒருத்தன் இருக்கிறான். ரொம்பப் பேச மாட்டான். ஆனால் கேள்வி கேட்பான். பழைய ஆட்டம் ஒன்றில் எல்லாரும் அறைக்குள் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவன் மட்டும், "அங்கிள், அந்த விளக்கு இன்னும் சூடா இருக்கா?" என்று கேட்டான். சூடாக இருந்தது. ஆள் அப்போதுதான் போயிருக்கிறான். அந்த ஒரு கேள்வியால் அன்றைக்கு ஆட்டத்தின் திசையே மாறியது. அதற்கு எந்த விதியும் இல்லை. அவனுடைய பாத்திரத் தாளில் அப்படி ஒரு திறமையும் எழுதியிருக்கவில்லை. அவனாகவே யோசித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதை ஒரு துறைமுக ஊரில். கிடங்கிலிருந்து தானிய மூட்டைகள் காணாமல் போய்விட்டன. மகள் உள்ளே நுழைந்தாள். "தடம் பார்க்கிறேன்" என்றாள். பகடை 19. நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்: இரண்டு பேர், ஒருவர் காலை இழுத்து நடக்கிறவர், இரண்டு மணி நேரத்துக்கு முன், கிழக்கு வாசல் வழியாக. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பையன் தரையில் கொட்டிக் கிடக்கும் தானியத்தைப் பற்றி ஏதோ கேட்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அடுத்த இடம், அடுத்த பகடை, அடுத்த மூன்று வரி. நாலாவது இடத்தில், "நீ என்ன செய்யறே?" என்று அவனைக் கேட்டேன். "அவ பார்த்துச் சொல்லட்டும் அங்கிள், நான் வெளிய நிக்கிறேன்" என்றான். கோபமெல்லாம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மேசைக்குக் கீழே போன் வெளிச்சம் தெரிந்தது.

மகளும் கவனித்திருக்கிறாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போது, "அப்பா, இன்னிக்கு நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல. பகடை கண்டுபிடிச்சுது, நீங்க படிச்சீங்க" என்றாள்.

திருடனோடு வந்த இழப்பு

இந்த இடத்தில்தான் ஸ்விட்சரின் திருடன் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தான்.

1974 பெட்டியில் திருடன் இல்லை. ஆனால் பொறிகள் இருந்தன. அப்படியென்றால் பொறியை யார் கண்டுபிடித்தார்கள்? எல்லாரும்தான். சாமான் பட்டியலில் 10 அடிக் கம்பு ஒன்று இருக்கிறது, விலை ஒரு தங்கக் காசு. அதை வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டே போவார்கள். கதவில் காது வைத்துக் கேட்பது எந்தக் கிளாஸுக்கும் பொது. எங்கே கால் வைக்கிறோம், எதைத் தொடுகிறோம் என்று ஆட்டக்காரர் வாயால் விவரிக்க வேண்டும். கூர்மையாக விவரித்தால் பிழைத்தார், இல்லையென்றால் குழிக்குள்.

திருடன் வந்தபோது இதற்கெல்லாம் சதவீத அட்டவணை வந்தது. 1978 கையேட்டின்படி முதல் நிலைத் திருடனுக்குப் பூட்டைத் திறக்க 25 சதவீதம், பொறியைக் கண்டுபிடித்து அகற்ற 20 சதவீதம், சுவர் ஏற 85 சதவீதம். திருடனாக ஆடுகிறவருக்கு இது கிடைத்த வரம் மாதிரி தோன்றும். ஆனால் ஒருவருடைய தாளில் 'பொறி கண்டுபிடிக்க 20 சதவீதம்' என்று எழுதிய உடனே, எழுதாமலே மற்ற எல்லாருடைய தாளிலும் பூஜ்யம் விழுந்துவிடுகிறது. 'அது திருடனோட வேலை' என்று போராளி கம்பைக் கீழே போட்டுவிடுவார். திருடனுக்கோ ஐந்தில் நான்கு தடவை தோல்விதான். மொத்த மேசைக்கும் நஷ்டம். விதிப் புத்தகம் யாரையும் தடுக்கவில்லை என்பது உண்மைதான். என் ஒன்றரைப் பக்கமும் அந்தப் பையனைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனாலும் அவன் நிறுத்திவிட்டான். பழைய பாணி ஆட்டக்காரர்கள் இந்தக் குறையைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். படித்திருக்கிறேன், சும்மா பழம்பெருமை என்று தள்ளியும் இருக்கிறேன். நம் வீட்டு மேசையில் நடந்தபோதுதான் உறைத்தது.

இதற்காக ஸ்விட்சரின் கும்பலைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மேசையில் யாரோ ஒருவருக்குத் திருடனாக ஆட ஆசை. என் மகளுக்குத் தடம் பார்க்க ஆசை மாதிரி. அந்த மேசைக்கு அது சரியாகவே ஓடியிருக்கலாம். அங்கே இருந்த புரிதல் அங்கேயே தங்கிவிட்டது, அட்டவணை மட்டும் அச்சில் ஏறி வெளியே போனது. ஆபீஸில் இதை அடிக்கடி பார்க்கிறோம். ஒரு டீமுக்கு எழுதிய கருவியைக் கம்பெனி முழுக்கக் கொடுத்தால், எழுதியவருக்குத் தெரிந்த எழுதாத விதிகள் கூடவே போவதில்லை.

மறுபடியும் எழுதியது

இரண்டாவது வரைவில் பகடையைத் தூக்கிவிட்டேன். 3-ஆம் நிலைச் சலுகை இப்போது இப்படி: தடம்பார்ப்பவர் ஓர் இடத்தில் எதைப் பார்க்கிறார் என்று வாயால் சொல்ல வேண்டும். சேறு, கதவுக் கீல், கயிறு என்று ஏதாவது ஒன்று. அங்கே தடம் இருந்தால் கண்டிப்பாகத் தெரியும். உடனே 30 அடிக்குள் இருக்கும் ஒவ்வொரு தோழரும் அந்தத் தடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். டிஎம் உண்மையைச் சொல்ல வேண்டும். தடம்பார்ப்பவர் கடைசியாகத்தான் கேட்பார். ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவில் இரண்டு தடவைதான். யாரும் பக்கத்தில் இல்லை என்றால் அவருக்கு ஒரு கேள்வி மட்டுமே.

அதாவது அவளுடைய திறமை மற்றவர்களுக்கு வாய் கொடுக்கிறது. தனியாகப் போனால் பலவீனம், கூட்டத்தோடு போனால் பலம். எண்களில் பார்த்தால் இது முதல் வரைவைவிடப் பலசாலியாகக்கூட இருக்கும். நான்கு பேர் இருந்தால் நான்கு நிச்சயமான உண்மைகள் கிடைக்கின்றன. பலம் கூடினால் பிரச்சினை என்றுதான் நான் முதலில் நினைத்திருந்தேன். எங்கள் மேசையில் பிரச்சினை பலம் இல்லை, அந்தப் பலம் யாருடைய வாயை அடைக்கிறது என்பதுதான். பாவம், சர் ஃபேங் செய்ததும் அதுதானே. ஒருத்தர் எல்லாவற்றையும் செய்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அன்றைக்கு மின்னசோட்டாவில் அவருடைய பலத்தைப் பிடுங்காமல், இன்னொருத்தருக்கு ஒரு வேலை கொடுத்துச் சரிசெய்தார்கள். 50 வருடம் தள்ளி நான் அதே பாடத்தைத் திரும்பப் படித்தேன்.

போன வாரம் ஆடிப் பார்த்தோம். அதே காலை இழுத்து நடக்கிறவரின் தடம். மகள் கிழக்கு வாசல் சேற்றைப் பார்த்தாள். மந்திரவாதிப் பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்கிள், இழுத்து நடக்கிற கால்தடம் ஆழமா பதிஞ்சிருக்கா, மேலாக்கவா?" என்றான். மேலாகத்தான் பதிந்திருந்தது. "அப்போ அவர் மூட்டை தூக்கல. தூக்கினது இன்னொருத்தர். இவர் வழி காட்ட வந்தவர், இந்த ஊர்க்காரர்" என்றான். நான் அவ்வளவு தூரம் யோசித்தே வைத்திருக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கதையை மாற்றினேன்.

யாருடைய சொத்து

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இந்தச் சப்கிளாஸை நான் பொதுவில் வைக்கலாமா?

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, அதை வெளியிட்ட விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனியில் இருந்த ரையன் டான்சி, நம் ஓப்பன் சோர்ஸ் உரிமங்களைப் பார்த்து விளையாட்டு விதிகளுக்கும் ஒரு திறந்த உரிமத்தைக் கொண்டுவந்தார். அதுதான் ஓஜிஎல். யார் வேண்டுமானாலும் அடிப்படை விதிகளை எடுத்து, தங்கள் சரக்கைச் சேர்த்து விற்கலாம். 2016 ஜனவரியில் டிஎம்ஸ் கில்ட் என்ற இணையச் சந்தை வந்தது. அங்கே விற்றால் எழுதியவருக்குப் பாதி.

2023 ஜனவரியில் அந்த உரிமத்தைத் திருத்தப் போகும் வரைவு வெளியே கசிந்தது. வருடத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால், அதற்கு மேற்பட்ட தொகையில் 25 சதவீதம் வரை கம்பெனிக்கு. பழைய உரிமமும் செல்லாது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கம்பெனி கருத்துக் கேட்டது. 15,000-க்கு மேற்பட்டோர் பதில் எழுதினார்கள், பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி கம்பெனி பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடவில்லை, கூடவே ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ்தான் உண்டு. ரோக்குக்கு இருப்பது எது? திருடன். சான்டா மோனிகாவிலிருந்து போனில் வந்தவன், சுற்றிச் சுற்றி, கடைசியில் எல்லாருடைய சொத்தாகிவிட்டான். யாருடைய மேசையில் பிறந்தான் என்று அதைப் படித்தால் தெரியாது, அவ்வளவுதான்.

தடம்பார்ப்பவரையும் அதே உரிமத்தில்தான் வைக்கப் போகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள். பெயர் போடுவதில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். பொதுவில் வைக்கும்போது பசங்க பெயரைப் போட முடியாது, அவர்கள் சின்னப் பிள்ளைகள். ஆனால் எங்கள் வீட்டில் இருக்கும் அச்சுப் பிரதியில் ஆசிரியர் வரிசையில் நான்கு பெயர் எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்கும் அந்தச் சலுகைக்கு 'சூடான விளக்கு' என்று பெயர் வைத்தாயிற்று. பையனிடம் காட்டினேன். "எதுக்கு அங்கிள் விளக்கு?" என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை.

9-ஆம் நிலைச் சலுகை இன்னும் சரியாக வரவில்லை. இப்போதைக்கு எழுதியிருப்பது, தடத்தை அழிப்பவர்களையும் கண்டுகொள்வது. இதில் யாருடைய வாய் அடைபடும் என்று அடுத்த ஞாயிறு ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.